சினைப்பைக் கட்டிக்கு லண்டனிலிருந்து சென்னை வரலாமா? ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

பெயர் சொல்லாமல் லண்டனிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 34, சொந்த ஊர் யாழ்ப்பாணம். ஒரு குழந்தை இருக்கிறது, இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற விருப்பமும் இருக்கிறது. மாதவிடாய் வலி ஆண்டுக்கு ஆண்டு கூடிவந்ததால் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடது சினைப்பையில் 6.8 செ.மீ. அளவில் ஒற்றை அறை கொண்ட கட்டி, உள்ளே தேய்த்த கண்ணாடி போன்ற தோற்றம், திடப்பகுதி இல்லை, வயிற்றில் நீர் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. புற்றுநோய் ஐயம் இருந்தால் இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ.-125 என்ற புரதத்தின் அளவு 78. அறுவை சிகிச்சைக்குப் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது, ஆனால் தேதி வரவில்லை. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, வந்த ஒரே வாரத்தில் லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) மூலம் கட்டியை அகற்றித் தருவதாகக் கட்டண மதிப்பீடு அனுப்பியிருக்கிறது. கணவருக்கு மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். இது புற்றுநோயா, விமானத்தில் ஏறினால் கட்டி வெடித்துவிடுமா, சென்னைக்கு வருவது சரியான முடிவா என்பவை அவருடைய கேள்விகள்.

சென்னையில் நீண்ட காலம் மகளிர் நல அறுவை சிகிச்சை செய்தவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரி. நீங்கள் சென்னைக்கு வருவதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் இப்போது கையில் இருக்கும் அந்த மதிப்பீட்டை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். அது ஒரு கட்டியை எடுப்பதற்கான மதிப்பீடு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். ஸ்கேனில் தெரியும் கட்டி அந்த நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். மீதிப் பகுதி எவ்வளவு என்பது தெரியாமல் எந்த நாட்டிலும் அறுவைக்குத் தேதி குறிப்பது சரியல்ல.

புற்றுநோய் அச்சத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவசரமாக டிக்கெட் எடுக்க வைப்பது அதுதான். சி.ஏ.-125 அளவு 35-க்குள் இருந்தால் இயல்பு என்று பரிசோதனைக் கூடங்கள் அச்சிடுவதால், 78 என்ற எண்ணைப் பார்த்ததும் குடும்பமே நடுங்கிப் போகிறது. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைத் தசைக்கட்டி, இடுப்பறைத் தொற்று, ஏன், சாதாரண மாதவிடாய் நாட்களில்கூட இந்த அளவு உயரும். வயிற்றுக் காசநோயில் அது பல நூறைத் தொடுவதை எங்கள் பகுதியில் அடிக்கடி பார்க்கிறோம். அதனால்தான் மாதவிடாய் நிற்காத பெண்களிடம் இந்த ஒரு எண்ணுக்குத் தனியாக அதிக மதிப்புக் கிடையாது. பிரிட்டனில் பயன்படுத்தும் அபாயக் கணக்கு ஒன்று இருக்கிறது. பல அறைகள், திடப்பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடங்களில் பரவல் ஆகிய ஐந்தில் ஸ்கேனில் எதுவுமே இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் இருந்தால் 3 என்று மதிப்பெண் இடுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு 3, நிற்காதவர்களுக்கு 1 என்று இன்னொரு மதிப்பெண். இவ்விரண்டையும் சி.ஏ.-125 அளவோடு பெருக்குவார்கள், விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணர் குழுவுக்கு அனுப்புவார்கள். நீங்கள் தந்திருக்கும் அறிக்கைப்படி உங்கள் ஸ்கேன் மதிப்பெண் 0, ஆகவே பெருக்கல் விடையும் 0. இந்தக் கணக்கு மட்டுமே இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது. கட்டியின் உட்சுவரில் இரத்த ஓட்டம் உள்ள சிறு முளைகள் தெரிந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் புற்றுநோய் ஐயம் உள்ளவர்களுக்கு 28 நாட்களுக்குள் உண்டா இல்லையா என்று பதில் சொல்லிவிட வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. உங்களைச் சாதாரணப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்றால், அங்குள்ள மருத்துவர்களுக்கும் அந்த ஐயம் எழவில்லை என்றே கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. நீங்கள் ஒரே ஒரு ஸ்கேனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். கருமுட்டை வெளியேறிய இடத்தில் இரத்தம் கசிந்து தங்கிய சாதாரணக் கட்டியும் சில சமயம் ஏறக்குறைய இதே தோற்றத்தைக் காட்டும். அது இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே கரைந்து மறைந்துவிடும். எனவே முதல் ஸ்கேன் எடுத்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்து இன்னொன்று எடுத்து, கட்டி அதே அளவில் அதே தோற்றத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்வது மிகவும் அவசியம். அறுவைக்காகவே கடல் கடந்து வந்தவருக்கு, மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தைய நாள் எடுத்த ஸ்கேனில் கட்டியே இல்லை என்று சொல்லி அனுப்பிய நிகழ்வுகள் உண்டு. அது நல்ல செய்திதான், ஆனால் அதை லண்டனிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம்.

கட்டி அப்படியே நிற்கிறது என்றால், இது நம் ஊரில் சாக்லேட் சிஸ்ட் என்று சொல்லப்படும் எண்டோமெட்ரியோமாதான் என்று கொண்டு மேலே பேசுகிறேன். கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய திசு சினைப்பையில் வளர்ந்து, மாதந்தோறும் கசியும் இரத்தம் உள்ளேயே தேங்கிப் பழுப்பு நிறக் குழம்பாக மாறுவதால் வந்த பெயர் அது. இந்தக் கட்டி உள்ளவர்களில் பலருக்கு நோய் சினைப்பையோடு நிற்பதில்லை. கருப்பைக்குப் பின்னால், மலக்குடலின் முன்சுவரில், சிறுநீர்க்குழாய்களை ஒட்டி, ஆழமாகப் பதிந்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். சாதாரண அல்ட்ராசவுண்டில் இதைத் தேடிப் பார்க்காவிட்டால் தெரியாது. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது கடும் வலி, உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் ஆகியவை இருக்கின்றனவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் பெண்கள் இவற்றை மருத்துவரிடம்கூடத் தாங்களாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். சிறுநீர்க்குழாய் நெருக்கப்பட்டால் வலி எதுவும் இல்லாமலேயே அந்தப் பக்கச் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கக்கூடும் என்பதால் சிறுநீரகங்களையும் ஒரு முறை ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது.

இதனால்தான் உங்கள் சென்னை மதிப்பீடு எனக்கு நெருடலாக இருக்கிறது. இடுப்பறை எம்.ஆர்.ஐ. எடுக்காமல், அல்லது எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் தேர்ந்த ஒருவர் குடலும் கருப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா என்று பார்க்காமல், கட்டியை மட்டும் எடுக்க ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். குடலில் நோய் இல்லையென்றால் அது ஒன்றரை மணி நேர வேலையாக முடியலாம். இருந்தால் அதே மேசையில் குடல் அறுவை நிபுணர் தேவைப்படுவார், சிலருக்குக் குடலின் ஒரு சிறு பகுதியையே வெட்டி இணைக்க வேண்டியிருக்கும், மிகச் சிலருக்குத் தற்காலிகமாக வயிற்றின் வழியாக மலம் வெளியேறும் ஏற்பாடும் செய்ய நேரிடும். அப்போது செலவும் மாறும், மூன்று வார விடுப்பும் போதாது. அல்லது, இதைவிட அதிகமாக நடப்பது, வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர் இது தன்னால் இன்று முடியாது என்று கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுவார். வலி குறையாமல் நீங்கள் திரும்புவீர்கள், அடுத்த அறுவை முதலாவதைவிடக் கடினமாகும்.

ஆழ்ந்த நோய் இருப்பதாக எம்.ஆர்.ஐ. சொன்னால் என் அறிவுரை, லண்டனிலேயே இருங்கள் என்பதுதான். பிரிட்டனில் குடல் வரை பரவிய எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே அங்கீகாரம் பெற்ற மையங்கள் இருக்கின்றன. மகளிர் அறுவை நிபுணர், குடல் நிபுணர், இந்நோய்க்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் எல்லாரும் அங்கு ஒரே குழுவாக இயங்குகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் இத்தகைய அறுவையைத் திறம்படச் செய்பவர்கள் இருக்கிறார்கள், திறமையில் குறைவு சொல்ல மாட்டேன். ஆனால் இது ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டிய நோய், குடல் இணைப்பில் கசிவு போன்ற சிக்கல்கள் வந்தால் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டிய அறுவை. அந்த நேரத்தில் உங்கள் குழந்தையும் வீடும் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கக் கூடாது.

காத்திருப்பு நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் புறப்படுவதானால், அதற்கு முன் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நம் மக்களில் பலர், அனுப்பிய இடத்திற்குத்தான் போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு அதைக் கேட்பதே இல்லை. உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் காத்திருப்புக் குறைவாக உள்ள வேறு மருத்துவமனைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கடைசி நேரத்தில் யாராவது விலகினால் என்னை அழையுங்கள் என்று அறுவைப் பிரிவிலும் சொல்லிவையுங்கள். இரண்டுக்கும் பணம் செலவில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரண்டாவது குழந்தை வேண்டும் என்கிறீர்கள். சாக்லேட் கட்டியின் உறையைச் சினைப்பையிலிருந்து உரித்தெடுக்கும்போது, எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும், அதை ஒட்டியிருக்கும் நல்ல திசுவும் அதிலுள்ள கருமுட்டைகளும் கொஞ்சம் சேர்ந்தே வந்துவிடும். இரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டை அதிகம் பயன்படுத்தினால் இழப்பு இன்னும் கூடும். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு இந்த அறுவைக்குப் பிறகு குறைவது நன்கு அறியப்பட்டது. எனவே அறுவைக்கு முன்பே ஏ.எம்.எச். பார்த்துவிடுங்கள். அது ஏற்கெனவே குறைவாக இருந்தால், அல்லது ஒரு வருடமாக முயன்றும் கரு தங்கவில்லை என்றால், கத்தியை எடுப்பதற்கு முன் கருத்தரிப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும். சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெறும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் இந்தக் கட்டியை வழக்கமாக அகற்ற வேண்டியதில்லை என்பதே 2022-இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. வலி தாங்க முடியவில்லை, முட்டை எடுக்க ஊசி போகும் வழியைக் கட்டி மறைக்கிறது, அல்லது கட்டியின் தன்மையில் ஐயம் இருக்கிறது என்பவை அறுவைக்கான நியாயமான காரணங்கள். உங்கள் வலி உண்மையிலேயே கடுமையானது என்றால் அறுவை தேவைதான். அதைச் செய்பவர் கருமுட்டையைக் காப்பதில் கவனம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. குறைந்த செலவில், ஊசி போட்டுக் கட்டியை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உறை உள்ளேயே இருப்பதால் சில மாதங்களில் அது மறுபடி நிரம்பிவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் ஆழ்ந்த நோய் இல்லை, ஏ.எம்.எச். நன்றாக இருக்கிறது, வலி வாழ்க்கையைக் கெடுக்கிறது, லண்டனில் தேதி கிடைக்கவில்லை என்ற நிலை வந்தால், சென்னைக்கு வருவது நல்ல முடிவுதான். இனி அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

விமானத்தில் கட்டி வெடிக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, இது பரவலாக இருக்கும் அச்சம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூரில் இருப்பதுபோல் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் வாயுதான் விரியும், திரவம் விரியாது. உங்கள் கட்டியில் இருப்பது திரவம். ஊட்டிக்குப் போனால் வெடிக்காத கட்டி விமானத்திலும் வெடிக்காது. உண்மையான ஆபத்து வேறு. எந்தக் கட்டியும் எந்த நேரத்திலும் முறுக்கிக்கொள்ளலாம் அல்லது கசியலாம், அது நடக்கும்போது நீங்கள் பத்து மணி நேரப் பயணத்தின் நடுவில் இருந்தால் உதவி இல்லை. முடியும் பல்லும் கொண்ட டெர்மாய்டு கட்டிகள் முறுக்கிக்கொள்வது அதிகம், சாக்லேட் கட்டிகள் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவாக முறுக்குவதில்லை. ஆனாலும் புறப்படும் வாரத்தில் திடீரென்று ஒரு பக்கமாகக் கடும் வலியும் வாந்தியும் வந்தால், டிக்கெட் பணம் போனாலும் போகட்டும், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முறுக்கிய சினைப்பையைச் சில மணி நேரங்களுக்குள் பிரித்துவிட்டால் காப்பாற்ற வாய்ப்புண்டு, சென்னை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது போய்விடும்.

விசாவில் நீண்ட விளக்கம் தேவையில்லை. உங்களிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தால் இந்தியாவின் மின்னணு மருத்துவ விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்கு, மூன்று முறை நுழைய அனுமதி தருவது. உடன் வரும் இருவருக்கு உதவியாளர் விசா கிடைக்கும். மருத்துவமனையின் கடிதம் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்களைக் கேட்காதீர்கள்.

முகவர் என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது. பல தனியார் மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணப் பட்டியல் உண்டு, அழைத்து வரும் முகவருக்குத் தரகுத் தொகையும் உண்டு. மருத்துவமனையை நேரடியாகத் தொடர்புகொண்டு, அவர்கள் சொல்லும் மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். திசு ஆய்வு, தேவைப்பட்டால் மேசையிலேயே செய்யும் உறைநிலைத் திசு ஆய்வு, கூடுதல் நாட்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு, குடல் நிபுணரின் கட்டணம், லேப்ராஸ்கோபி முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சையையோ அதனால் வரும் சிக்கலையோ ஏற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மருத்துவரைப் பற்றி: யார் அறுவை செய்யப்போகிறார் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரோடு நீங்கள் காணொளியில் நேராகப் பேசியிருக்க வேண்டும். பேசியவர் ஒருவர், அறுவை செய்தவர் இன்னொருவர் என்ற குறையைத்தான் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். குடலில் நோய் தெரிந்தால் என்ன செய்வீர்கள், மறுபக்கச் சினைப்பையை எப்படிப் பார்ப்பீர்கள், அறுவையின் காணொளிப் பதிவைத் தருவீர்களா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒப்புதல் படிவம் குறித்து ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வெளியே காத்திருக்கும் கணவரையோ தாயையோ அழைத்து, இதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்துவந்திருக்கிறது. 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இதைப் பற்றியதுதான். நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோபிக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்காக வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனாலும் படிவத்தில் நீங்களே எழுதுங்கள்: இடது பக்கக் கட்டியை மட்டும் அகற்ற வேண்டும், கட்டுப்படாத இரத்தப்போக்கு போன்ற உயிராபத்து தவிர வேறு எதற்காகவும் சினைப்பையையோ கருப்பையையோ எடுக்கக் கூடாது, ஐயம் ஏற்பட்டால் திசு எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டும். உங்கள் கணவரிடமும் இதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். அறுவைக் கூடத்தின் கதவருகே நிற்கும் மனிதரால் யோசிக்க முடியாது.

நாட்களைக் கணக்கிடும்போது பலர் தையல் ஆறுவதை மட்டும் பார்க்கிறார்கள். லேப்ராஸ்கோபி முடிந்து ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றில் செலுத்திய கரியமில வாயு விரைவிலேயே உடலில் கரைந்துவிடும். அதனால் எளிய லேப்ராஸ்கோபிக்கு ஒன்றிரண்டு நாள், எளிய வயிற்று அறுவைக்கு நான்கைந்து நாள், பெரிய அறுவைக்குப் பத்து நாள் கழித்துப் பறக்கலாம் என்பதே பிரிட்டனில் சொல்லப்படும் பொது அளவு. இது குறைந்தபட்ச அளவு, அவ்வளவு சீக்கிரம் நீங்கள் புறப்படத் தேவையில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. ஒன்று, காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து. அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்திலும் கூடுதல், இரண்டும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி நான்கு வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்தில் அழுத்தக் காலுறை அணியுங்கள், நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவையா என்று அறுவை செய்தவரிடம் நீங்களாகவே கேளுங்கள். உள்ளூர் நோயாளிகளுக்குப் பழகியவர்களுக்கு உங்கள் பத்து மணி நேர விமானம் நினைவில் இருக்காது.

இரண்டாவது, திசு ஆய்வறிக்கை. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை வர ஒரு வாரம் பிடிக்கும். அது கையில் வருவதற்கு முன் விமானம் ஏறாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே அதிகம், இருந்தும் அது அரிதுதான். அரிதானது நடந்துவிட்டால், கட்டி உடையாமல் பைக்குள் போட்டு எடுக்கப்பட்டதா, வயிற்றுக்குள் சிந்தியதா என்பது நோயின் நிலையையே மாற்றும். அந்தத் தகவல் அறுவைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எதிர்பாராத முடிவு வந்தால் அந்தத் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி லண்டனுக்கு எடுத்துச் செல்லுங்கள். இந்திய மருத்துவமனைகளில் அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால் மொழிபெயர்ப்புச் சிக்கல் உங்களுக்கு இல்லை, அது சென்னைக்கு வருவதில் உள்ள ஒரு பெரிய வசதி.

ஆகவே மூன்று வாரம் என்பது சிக்கல் இல்லாத அறுவைக்குப் போதும், சிக்கல் வந்தால் போதாது. இறங்கிய பின் இரண்டு மூன்று நாள் பரிசோதனைக்கு, பிறகு அறுவை, அதன் பின் பத்து நாளாவது சென்னையில். தி.நகர் கடைகளும் திருப்பதி தரிசனமும் இந்தப் பயணத்தில் சேர்ந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவற்றை அறுவைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், வரிசையில் மணிக்கணக்கில் நிற்பதும் பெட்டி தூக்குவதும் பின்னால் ஆகாது.

ஊர் திரும்பிய பின் நடப்பதைப் பற்றி மருத்துவமனைகளின் விளம்பரத் தாள்களில் ஒரு வரிகூட இருக்காது. இந்தியாவில் உள்நோயாளியாக இருந்தீர்கள் என்பதை அடுத்த ஓராண்டுக்குள் எந்த பிரிட்டிஷ் மருத்துவமனைக்குப் போனாலும் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள், சில நாள் தனி அறையிலும் வைக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மற்றொன்று, தொப்புளிலோ பக்கவாட்டிலோ இருக்கும் சிறு துளைத் தழும்பு நன்றாக ஆறிய பிறகு, மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, அங்கே சிறு கட்டி எழும்பி நீர் வடியத் தொடங்கினால், அது காசநோய்க் கிருமியின் உறவான வேறு வகை மைக்கோபாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். லேப்ராஸ்கோபிக் கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத இடங்களில் இது வருகிறது. வழக்கமான ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அடங்காது, மாதக்கணக்கில் வேறு மருந்து வேண்டும். லண்டன் ஜி.பி. இதைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதால், இப்படி ஒரு தொற்று உண்டு, அதற்கான வளர்ப்புப் பரிசோதனை வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டிவரும். சென்னை மருத்துவரிடம் முன்கூட்டியே கருவிகளை எப்படிக் கிருமிநீக்கம் செய்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. டிரமடால் கலந்த வலி மாத்திரை தந்திருந்தால், பிரிட்டனில் அது கட்டுப்பாட்டுக்குரிய மருந்து என்பதால் மருந்துச் சீட்டைக் கைப்பையிலேயே வையுங்கள்.

புறப்படுவதற்கு முன்பே ஜி.பி.யிடம் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். பலர் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று பயந்து மறைக்கிறார்கள். அவசரச் சிக்கல் வந்தால் அங்கு வசிப்பவர் என்ற முறையில் என்.எச்.எஸ். உங்களைப் பார்க்கும், ஆனால் அடுத்தடுத்த ஸ்கேனும் மருந்தும் தானாக நடந்துவிடாது, யாராவது பொறுப்பேற்க வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் இருந்து பெயரை இப்போதே எடுக்கச் சொல்லாதீர்கள். அறுவைக்குப் பின் உடனே குழந்தைக்கு முயல்வதாக இருந்தால் ஹார்மோன் மருந்து வேண்டாம், முயற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. சில காலம் கழித்துத்தான் என்றால், கட்டி மறுபடி வராமலிருக்க டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மருந்தையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தையோ பற்றி லண்டன் மருத்துவரிடம் பேசுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டாவது ஸ்கேனுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் ஏ.எம்.எச். பரிசோதனைக்கும் ஏற்பாடு. தனியாரிடம் பணம் கட்டி எடுத்தாலும் சென்னைப் பயணச் செலவில் அது சிறு பகுதிதான். முடிவுகளை, அறிக்கையாக மட்டும் இல்லாமல் படங்களோடு, சென்னை மருத்துவருக்கு அனுப்பிப் புதிய மதிப்பீடு கேளுங்கள். அதன் பிறகு டிக்கெட் எடுக்கும்போது, திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக, சற்றுக் கூடுதல் விலை என்றாலும், அதையே எடுங்கள். உங்கள் கணவரும் அலுவலகத்தில் இன்னும் இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வைக்கட்டும்.